ஜாமீன் கேட்காத பேட்டை

ஜப்பானில் ரயில் நெரிசலுக்கு அரசாங்கமே ஒரு அளவுகோல் வைத்திருக்கிறது. எல்லோருக்கும் உட்கார இடமோ பிடித்துக்கொள்ள வாரோ கிடைத்தால் 100 சதவீதம். செய்தித்தாளைச் சிரமப்பட்டு மடித்துப் படிக்க முடிந்தால் 180. உடம்போடு உடம்பு நசுங்கினாலும் வாரப் பத்திரிகையை எப்படியாவது படித்துவிடலாம் என்றால் 200. வண்டி ஆடும்போதெல்லாம் கையைக்கூட அசைக்க முடியாமல் கூட்டமே ஒரு பக்கம் சாய்ந்தால் 250. டோக்கியோவின் தோஸாய் லைனில், கிபாவுக்கும் மொன்ஸென்-நகாச்சோவுக்கும் நடுவே, காலை நேர நெரிசல் 2019-இல் 199. அந்த வருடம் நாட்டிலேயே அதுதான் முதலிடம். அந்த 199-இல் கொஞ்சம் நம் ஆட்களின் உபயம்.

நானும் அதில் ஒருவன். முதுகுப்பையை நெஞ்சுப் பக்கம் மாட்டிக்கொண்டு, சாப்பாட்டு டப்பா அடுத்தவர் விலாவில் இடிக்காமல் பார்த்துக்கொண்டு நிற்பேன். தாம்பரம்–பீச் வண்டியிலும் இதே கூட்டம் உண்டு; ஆனால் அங்கே இறங்குவதற்குள் இரண்டு குடும்பத்துக் கதையாவது காதில் விழுந்துவிடும். இங்கே பெட்டி நிறைய ஆட்கள் இருந்தும் கேட்பது சக்கரச் சத்தம் மட்டும்தான். வண்டி சில நிமிடம் தாமதமானால் ரயில்வேக்காரர்களே தாமதச் சான்றிதழ் தருவார்கள். ஸ்டேஷனில் துண்டுச் சீட்டாக வாங்கலாம், இணையத்திலும் எடுத்துக்கொள்ளலாம். அலுவலகத்தில் அதைக் காட்டினால் போதும், மேற்கொண்டு யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். ஆள் சொல்வதைவிடச் சீட்டு சொல்வது செல்லுபடியாகும் நாடு இது என்று வந்த புதிதில் எல்லோருக்கும் தோன்றும். வீடு தேடப் போகும்வரை அப்படித் தோன்றும்.

மாலையில் திரும்பும்போது மினாமி-சுனமாச்சி தாண்டியதும் ரயில் சுரங்கத்தை விட்டு மேலே ஏறும். எதிரே அரகாவா ஆறு. பாலம் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம். காற்று பலமாக வீசினால் வண்டி தயங்கித் தயங்கித்தான் போகும், சில நாள் நிறுத்தியே விடுவார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் நிஷி-கசாய். உயரத்தில் ஸ்டேஷன், தூண்களுக்கு அடியில் கடைகள், சுற்றிலும் அடுக்குமாடிகள். விரைவு வண்டி இங்கே நிற்பதில்லை.

‘லிட்டில் இந்தியா’ என்று இந்த ஊரைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதுகின்றன. சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையை மனத்தில் வைத்துக்கொண்டு வருபவர்களுக்கு முகம் தொங்கிப்போகும். தோரண வாயில் கிடையாது, பூக்கடை கிடையாது, பாட்டுச் சத்தம் கிடையாது. சில மளிகைக் கடைகளும் சில உணவகங்களும்தான். கவனித்துப் பார்த்தால்தான் தெரியும்: குழந்தை இருக்கை வைத்த சைக்கிளில் சுடிதார் பறக்கப் போகும் ஒரு பெண், மாடி பால்கனியில் காயும் வேட்டி, பூங்காவில் ‘அவுட்’, ‘நாட் அவுட்’ என்று தெலுங்கிலும் இந்தியிலும் சண்டை போடும் பிள்ளைகள். நிஷி-கசாய் அடங்கிய எதோகாவா வார்டில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் இருக்கிறார்கள். ஜப்பானில் வேறெந்த நகராட்சியிலும் இத்தனை பேர் இல்லை.

ஏன் இங்கே வந்து குவிந்தார்கள்? கோயிலைச் சுற்றியோ ஒரு சந்தையைச் சுற்றியோ வளர்ந்த பேட்டை அல்ல இது. 2000-ஆம் ஆண்டு பிறக்கும்போது கணினிகள் தேதியைக் குழப்பிக்கொள்ளும் என்ற பயம் உலகத்தைப் பிடித்தபோது, ஜப்பானிய வங்கிகளின் பழைய நிரல்களைச் சரிபார்க்க இந்தியப் பொறியாளர்கள் வந்து இறங்கினார்கள். 2000 ஆகஸ்டில் பிரதமர் மோரி யோஷிரோ இந்தியா வந்தார். முதலில் போனது பெங்களூருக்குத்தான். அதன்பின் வரத்து கூடியது. வங்கிகளும் பங்குச்சந்தை நிறுவனங்களும் இருப்பது ஓதேமாச்சி, நிஹோன்பாஷி, கயாபாச்சோ பக்கம். மூன்றுமே தோஸாய் லைனில் வரிசையாக வரும் ஸ்டேஷன்கள். ஆக ரயில் ஒரு காரணம். ஜக்மோகன் சந்திரானி என்ற கொல்கத்தாக்காரர் இன்னொரு காரணம். 1970களின் கடைசியிலேயே இங்கே குடியேறித் தேயிலை இறக்குமதி செய்துகொண்டிருந்தவர், வந்து இறங்கிய பொறியாளர்கள் சோற்றுக்கும் வீட்டுக்கும் திண்டாடுவதைப் பார்த்துச் சாப்பாட்டுக்கு ஒரு இடம் ஏற்பாடு செய்தார், வீடு கிடைக்கவும் பேசிக்கொடுத்தார். ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் வாடகை ஒப்பந்தத்தில் இருக்கும் ஒரு பத்தி.

டோக்கியோவில் தனியார் வீடு பிடிப்பது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். தரகர் கடையில் காபி கொடுப்பார்கள். வரைபடங்களை விரித்து வைப்பார்கள். முன்பணம் இரண்டு மாதம். அதற்கு மேல் வீட்டுக்காரருக்கு ‘நன்றிப் பணம்’ ஒரு மாதமோ இரண்டு மாதமோ. திரும்பி வராது, நமக்கு வீடு கொடுத்ததற்கு நாம் நன்றி சொல்கிறோம், அவ்வளவுதான். பிறகு தரகுக் கூலி. இதற்கெல்லாம் தலையாட்டிய பிறகு, தரகர் நம் எதிரிலேயே வீட்டுக்காரருக்குப் போன் போடுவார். ‘வெளிநாட்டவர்தான், ஆனால்…’ என்று ஆரம்பிப்பார். பொறியாளர், நல்ல கம்பெனி, ஜப்பானிய மொழி பேசுகிறார் என்று வரிசையாகச் சொல்வார். அந்தப் பக்கம் ஏதோ சொல்ல, போனைப் பார்த்தே இரண்டு தடவை குனிந்து கும்பிடுவார். வைத்துவிட்டுப் பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சி, தலையை ஒரு பக்கம் சாய்ப்பார். அந்தச் சத்தத்துக்கு அகராதி தேவையில்லை.

இது என் ஒருவனின் புலம்பல் அல்ல. ஜப்பானிய நீதி அமைச்சகம் 2016-இல் எடுத்த கணக்கெடுப்பில், முந்தைய ஐந்து ஆண்டுகளில் வீடு தேடியவர்களில் 39.3 சதவீதம் பேர் வெளிநாட்டவர் என்பதாலேயே மறுக்கப்பட்டதாகச் சொன்னார்கள். ஜப்பானிய ஜாமீன்தாரர் இல்லை என்பதற்காக மறுக்கப்பட்டவர்கள் 41.2 சதவீதம். இரண்டாவது எண் முதலாவதைவிடப் பெரியது என்பதைக் கவனியுங்கள். சம்பளச் சீட்டு, வேலை ஒப்பந்தம், குடியிருப்பு அட்டை எல்லாம் நம் கையில் இருக்கிறது. அவர்கள் கேட்பது காகிதம் அல்ல, ஒரு ஆள். நமக்காகக் கையெழுத்துப் போட அண்ணன், மாமன், பழைய வாத்தியார் என்று யாராவது. விமானத்தில் வந்து இறங்கியவனுக்கு அது மட்டும்தான் இல்லை. இப்போது கட்டணம் வாங்கிக்கொண்டு ஜாமீன் நிற்கும் நிறுவனங்கள் பெருகிவிட்டன. அவர்களும் சில சமயம் ஊரில் இருக்கும் ஜப்பானிய நண்பர் ஒருவரின் நம்பரைக் கேட்பார்கள்.

ஆள் கேட்காத வீட்டுக்காரர் ஒருவர் உண்டு. போருக்குப் பிந்தைய வீட்டுப் பஞ்சத்தில், 1955-இல் அரசு தொடங்கிய வீட்டுவசதிக் கழகம். 2004 முதல் அதன் பெயர் யூ.ஆர். முன்பணம் இரண்டு மாதம். நன்றிப் பணம் கிடையாது, தரகு கிடையாது, ஒப்பந்தம் புதுப்பிக்கக் கட்டணம் கிடையாது, ஜாமீன்தாரர் கிடையாது. பொதுவாக, மாத வருமானம் வாடகையைப் போல நான்கு மடங்கு இருந்தால் போதும். முதலில் வருபவருக்கு முதலில் வீடு. நிஷி-கசாய் ஸ்டேஷனைச் சுற்றி கொஜிமா-ச்சோவிலும் செய்ஷின்-ச்சோவிலும் இந்தக் கழகத்தின் பெரிய பெரிய குடியிருப்புகள் இருக்கின்றன. கடிகாரத்தில் ஓதேமாச்சி கால் மணி நேரம், ஒப்பந்தத்தில் ஜாமீன் இல்லை. சேர்த்துக் கூட்டினால் வருவதுதான் லிட்டில் இந்தியா.

வீடு கிடைத்த பிறகு வார்டு அலுவலகத்தில் முகவரி பதிய வேண்டும். அங்கேதான் தமிழ்ப் பெயர்களின் சிக்கல் ஆரம்பம். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயர் இருக்கிறது. ஜப்பானில் குடும்பப் பெயரோடு ‘சான்’ சேர்த்துத்தான் ஒருவரைக் கூப்பிடுவார்கள். அதனால் அலுவலகத்தில் காலையிலிருந்து இரவுவரை கூப்பிடப்படுவது தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஈசிசேரில் சாய்ந்திருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்தான். என் அப்பா பெயரில் எனக்கு மின்னஞ்சல் வருகிறது, என் அப்பா பெயரில் எனக்குத் திட்டு விழுகிறது. வங்கிக்காக நான் செய்து வைத்திருக்கும் முத்திரைக்கட்டையிலும் அவர் பெயரின் முதல் பாதிதான். முழுப் பெயரும் அந்தச் சின்ன வட்டத்துக்குள் அடங்கவில்லை.

மனைவியின் பாஸ்போர்ட்டில் அவள் அப்பா பெயர். மகளுடையதில் என் பெயர். ஆக ஒரு வீட்டில் மூன்று பேர், மூன்று குடும்பப் பெயர். படிவத்தைப் பார்த்த எழுத்தர் அம்மாள் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார், மறுபடி படிவத்தைப் பார்த்தார். ‘மூன்று பேரும் ஒரே வீடுதானே?’ என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஜப்பானியச் சட்டப்படி கணவனும் மனைவியும் ஒரே குடும்பப் பெயர்தான் வைத்துக்கொள்ள வேண்டும். அதை எதிர்த்துப் போட்ட வழக்குகளை 2015-இலும் 2021-இலும் இங்கே உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பெயரை மாற்றாமலே கல்யாணம் செய்துகொள்ளும் உரிமைக்காக நீதிமன்றம் போகும் பெண்கள் உள்ள நாட்டில், இனிஷியல் புண்ணியத்தில் என் மனைவிக்கு அது இலவசமாகக் கிடைத்திருக்கிறது. தபால் பெட்டியில் மூன்று பெயரையும் ஒட்டி வைத்திருக்கிறோம். தபால்காரர் எங்களை ஒன்றாகத் தங்கியிருக்கும் மூன்று பிரம்மச்சாரிகள் என்று நினைத்திருக்கலாம்.

குப்பையைப் பற்றி ஜப்பான் போனவர்கள் எல்லோரும் எழுதிவிட்டார்கள். எரியும் குப்பை ஒரு நாள், எரியாதது ஒரு நாள், பிளாஸ்டிக் உறை ஒரு நாள், காக்கை கொத்தாமலிருக்க மேலே வலை. அதைப் பழகுவது கஷ்டமே இல்லை. அட்டவணையைக் குளிர்பெட்டியில் ஒட்டினால் முடிந்தது. யாரும் எழுதாதது எண்ணெய். முறுக்கு சுட்ட எண்ணெயைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. அதற்கென்று கடையில் ஒரு பொடி விற்கிறார்கள். அடுப்பை அணைத்த சூட்டோடு தூவிக் கலக்கிவிட்டு வைத்தால், ஆறும்போது எண்ணெய் முழுவதும் மெழுகு மாதிரி உறைந்துவிடும். ஓரத்தில் தோசைத் திருப்பியை விட்டு நெம்பினால், சட்டியின் வடிவத்திலேயே ஒரு வட்டக் கட்டி கழன்று வரும். அதன் அடியில் கருகிய எள்ளும் முறுக்குத் துணுக்கும் பதிந்திருக்கும். எரியும் குப்பையோடு போட்டுவிடலாம். அந்தப் பொடிக்கு மூலப்பொருள் ஆமணக்கெண்ணெய். உலகத்திலேயே ஆமணக்கு அதிகம் விளைவது குஜராத்தில். தீபாவளி எண்ணெயை டோக்கியோவில் கட்டியாக்குவதும் நம் ஊர்க் கொட்டைதான்.

சாப்பாட்டுக்குக் கவலை இல்லை என்று சொல்லும்போதே எதோகாவாவின் கொமாத்சுனா கீரையைச் சொல்லியாக வேண்டும். இந்த வார்டின் கொமாத்சுகாவா பகுதியின் பெயரைத்தான் அது சுமக்கிறது. வேட்டைக்கு வந்த ஷோகன் யோஷிமுனே ருசித்துவிட்டுப் பெயர் வைத்ததாகக் கதை. கடுகுக் குடும்பத்துக் கீரை. தண்டு மொறுமொறுவென்று இருக்கும், வதக்கினாலும் குழையாது, லேசாகக் கடுகின் காரம் தெரியும். பாசிப்பருப்பும் தேங்காயும் போட்டுப் பொரியல் செய்தால் அரைக்கீரையை நினைத்து ஏங்க வேண்டியதில்லை. மனைவியின் தீர்ப்பு வேறு: ‘நல்லாத்தான் இருக்கு, ஆனா கடையணும்னா கடைய முடியாது.’

அரிசிதான் விலை. இறக்குமதி ஒதுக்கீட்டுக்கு வெளியே வரும் அரிசிக்குக் கிலோவுக்கு 341 யென் வரி போட்டு, ஜப்பான் தன் விவசாயிகளைக் காப்பாற்றி வந்திருக்கிறது. அதனால் இந்தியக் கடையில் அரிசி மூட்டை வாங்கும்போது நாங்கள் எப்போதும் பெருமூச்சு விடுவோம். 2025 வசந்தத்தில் ஜப்பானியர்களும் பெருமூச்சு விட ஆரம்பித்தார்கள். அவர்களுடைய அரிசி 5 கிலோ 4,200 யென்னைத் தாண்டியது. ஒரு வருடத்துக்கு முந்தைய விலையைப் போல இரண்டு மடங்கு. அரசு சேமிப்புக் கிடங்கைத் திறந்து பழைய அரிசியை விற்றது, கடை வாசல்களில் வரிசை நின்றது. அதுவரை லிஃப்டில் பார்த்தால் குனிந்து வணக்கம் சொல்வதோடு நிறுத்திக்கொண்ட மேல்வீட்டு மூதாட்டி, ஒரு நாள் ஏழாவது மாடி வருவதற்குள் கேட்டார்: ‘உங்கள் நீள அரிசி எங்கே கிடைக்கும்?’ ஒரு டப்பாவில் பாஸ்மதி கொடுத்து அனுப்பினோம். டப்பா கழுவித் துடைக்கப்பட்டு, ஒரு ஆரஞ்சோடு திரும்பி வந்தது. அரிசி ஒட்டவே மாட்டேன் என்கிறது, ஆனால் வறுத்த சாதத்துக்கு நன்றாக இருந்தது என்றார். இத்தனை வருடத்தில் எங்களுக்குள் நடந்த மிக நீளமான உரையாடல் அது.

இந்தப் பேட்டையில் வீடு சுலபமாகக் கிடைப்பதற்கு மண்ணிலும் ஒரு காரணம் உண்டு. இந்தப் பக்கத்து அரகாவா இயற்கையாக ஓடி வந்த ஆறு அல்ல. 1910-இல் டோக்கியோவை மூழ்கடித்த வெள்ளத்துக்குப் பிறகு, வெள்ளநீரைத் திருப்பிவிட வெட்டிய கால்வாய். 1924-இல் நீர் விட்டார்கள், 1930-இல் வேலை முடிந்தது. தலைமையேற்ற பொறியாளர் அவோயாமா அகிரா, பனாமா கால்வாய் கட்டுமானத்தில் வேலை பார்த்த ஒரே ஜப்பானியர். வெளிநாட்டில் தனியாக வேலை பார்த்துத் தொழில் கற்றுவந்த ஒருவர் வெட்டிய ஆற்றின் கரையில், வெளிநாட்டில் வேலை பார்க்க வந்த நாங்கள் குடியிருக்கிறோம். பிறகு தொழிற்சாலைகள் நிலத்தடி நீரை உறிஞ்ச, தரை இறங்கியது. கடலோரத்து வயல்களைக் கடல் கொண்டது. 1970களில் அந்த இடத்தைத் தூர்த்து எடுத்ததில்தான் செய்ஷின்-ச்சோ போன்ற குடியிருப்புகள் எழுந்தன. இன்றும் வார்டின் பரப்பில் எழுபது சதவீதம், கடல் ஏறும்போது கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது.

2019 மே மாதம் வார்டு நிர்வாகம் ஒரு வெள்ள வரைபடம் வெளியிட்டு வீடு வீடாக அனுப்பியது. முன்பக்கத்தில் வார்டின் மேலேயே பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது: ‘இங்கே இருக்கக் கூடாது.’ அம்புக்குறிகள் எல்லாம் வெளியே, அடுத்த மாகாணங்களைப் பார்த்து. சொந்த ஊரைப் பற்றி ஒரு நகராட்சி இவ்வளவு ஒளிவுமறைவில்லாமல் எழுதியதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த நேர்மை ஏக்கத்தைத்தான் தரும். ஏரியில் மனை போட்டு விற்ற எந்த விளம்பரமும் நம்மிடம் அப்படிச் சொன்னதில்லை. அதே வருடம் அக்டோபரில் ஹகிபிஸ் புயல் வந்தது. பள்ளிக்கூடங்கள் முகாம்களாயின. ஜிம்னாசியம் தரையில் வார்டு கொடுத்த போர்வைகளில் ஆந்திரக் குடும்பங்களும் பீகார்க் குடும்பங்களும் ஜப்பானியத் தாத்தா பாட்டிகளும் வரிசையாகப் படுத்திருந்தோம். ஆறு தாங்கிக்கொண்டது. மறுநாள் காலை எல்லோரும் போர்வையை மடித்து, தரையைத் துடைத்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனோம்.

வந்தவர்களில் பாதிப் பேர் இரண்டு மூன்று வருடத்தில் போய்விடுகிறார்கள். அமெரிக்கா, ஆஸ்திரேலியா, பெங்களூர். மீதிப் பேருக்குப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் கால் ஊன்றிவிடுகிறது. இங்கே இந்தியப் பாடத்திட்டப் பள்ளி 2006-இலேயே வந்துவிட்டது. 2019-இல் இந்தியாவில் பிறந்து ஜப்பானியக் குடியுரிமை வாங்கிய யோகேந்திர பூராணிக், எதோகாவா வார்டு மன்றத் தேர்தலில் நின்று ஜெயித்தார். இந்தியாவில் பிறந்த ஒருவர் ஜப்பானில் தேர்தலில் வென்றது அதுதான் முதல் முறை. தங்க முடிவு செய்தவர்கள் அடுத்து நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கிறார்கள். வழக்கமாகப் பத்து வருடம் இருந்திருக்க வேண்டும். படிப்பு, சம்பளம், வயது, மொழி எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டு 70 வந்தால் மூன்று வருடம், 80 வந்தால் ஒரே வருடம் என்று 2017-இல் குறைத்தார்கள். எல்லாம் காகிதம், வரிச் சான்று, ஓய்வூதியம் கட்டிய ரசீது, காப்பீட்டு ரசீது. கடைசியாக ஒரு படிவம் வரும். ஜாமீன். ஜப்பானியரோ, ஏற்கெனவே நிரந்தர உரிமை வாங்கிய ஒருவரோ கையெழுத்துப் போட வேண்டும். கடனுக்கு நிற்கும் ஜாமீன் அல்ல இது. சட்டத்தை மதித்து நடக்க உதவுவேன் என்ற தார்மிகப் பொறுப்புதான், காசு கட்ட வேண்டியதில்லை என்று குடிவரவுத் துறையே விளக்கம் சொல்கிறது. ஆனாலும் கேட்பது ஒரு ஆளைத்தான்.

நான் போய் நின்றது கீழ்வீட்டு அண்ணனிடம். திருச்செங்கோட்டுக்காரர். 2000-த்தின் அலையில் வந்தவர், நிரந்தர உரிமை எப்போதோ வாங்கிவிட்டார். படிவத்தை வாங்கியவர் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். பின்பக்கம் திருப்பினார். அங்கே ஒன்றும் இல்லை. மறுபடி முன்பக்கம்.

‘எங்கப்பா மச்சானோட ரிக் வண்டிக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு ரெண்டு ஏக்கரத் தோட்டத்த உட்டவருங்க,’ என்றார். ‘போர் போடற வண்டி. ஒடிசாப் பக்கம் போனது, தவணை கட்டல. ஃபைனான்ஸ்காரன் எங்கூட்டு வாசல்ல வந்து நின்னான். எவனுக்கும் கையெழுத்துப் போட்றாதன்னு சொல்லித்தான் என்னைய ப்ளேன் ஏத்துனாரு.’

‘இதுல பணம் ஒண்ணும் இல்லண்ணே. தார்மிகப் பொறுப்புன்னுதான் போட்டிருக்கு.’

‘அதத்தானுங்க மச்சானும் சொன்னது.’

அக்கா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, ‘போட்டுக் குடுங்க, தம்பி எங்க ஓடிப் போயிரப் போறாரு,’ என்றார். அண்ணன் பேனாவை எடுத்தார். பெயர், முகவரி, தொழில், எனக்கும் அவருக்கும் என்ன உறவு என்ற கட்டம். அதில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ‘நண்பர்’ என்று எழுதினார். கையெழுத்துப் போட்டு, மை காயும்வரை ஊதி, என்னிடம் நீட்டினார்.

‘ஏப்ரல்ல அப்பா வர்றாருங்க, செர்ரிப் பூ பாக்க,’ என்றார். ‘அவருகிட்ட மட்டும் இதச் சொல்லிப்போடாதீங்க.’